கஜுவை எடுத்துப்போட்டுக் கொடுத்தால் சரியா?



கஜு ஒத்துக்கொள்ளாத நம் பாடசாலைப் பிள்ளை ஒன்று இந்த விடுமுறையில் வாப்பாவைப் பார்க்கக் கட்டார் போகிறது. "ஹலால் சாப்பாடுதான் ஓர்டர் பண்ணியிருக்கம் டீச்சர், பயமில்ல" என்றார் உம்மா.

ஹலால் என்றால் நாம் உண்ணக்கூடியது என்று அர்த்தம். அதில் கஜு இல்லை என்று அர்த்தமில்லை. நம் வீட்டுக் குருமாவிலேயே கஜுவை அரைத்துத்தானே ஊற்றுகிறோம், கண்ணுக்குத் தெரிகிறதா?

உண்மையில் கோளாறு விமானத்தில் தொடங்குவதில்லை, நம் வீடுகளில்தான். பெருநாளைக்கு வட்டிலப்பத்தில் மேலே கிடக்கும் கஜுவை விரலால் எடுத்துப்போட்டுவிட்டு "இப்ப தின்னு மகன், ஒண்டும் செய்யாது" என்கிறோம். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்த ஒட்டலே போதும். வீட்டிலென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். கட்டாருக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம், கீழே கடல். எங்கே ஓடுவது?

2016இல் லண்டனிலிருந்து பிரான்சின் நீஸ் நகருக்குப் பறந்த நடாஷா எட்னான் லப்பரூஸ் என்ற 15 வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் வாங்கிய பாணின் மாவுக்குள் எள்ளு கலந்திருந்தது. உறையில் அதை எழுதவில்லை. விமானத்திலேயே தகப்பன் இரண்டு அட்ரினலின் ஊசி போட்டும் பிள்ளை தப்பவில்லை. அதன் பிறகுதான், 2021 ஒக்டோபரில், கடையிலேயே செய்து பொதி செய்து விற்கும் உணவில் சேர்ந்த எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்ற சட்டம் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது. அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்துக்குச் சொல்லுவோம். ஆனால் கஜு, கச்சான் அறவே இருக்காது என்று பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே வீட்டுச் சாப்பாடே மேல். ரொட்டி கட்டிக்கொண்டு போவதில் என்ன வெட்கம்? டொக்டர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால் அதுவும் கடிதமும் கைப்பைக்குள் இருக்க வேண்டும். பெரிய சூட்கேஸில் போட்டால் அது விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும், அந்தரத்துக்கு எடுக்க ஏலாது. மூச்சுத் திணறினால், நாக்குத் தடித்தால், ஊசி வெளித்தொடையில். அலர்ஜிக் குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

முன்னால் இருக்கும் தட்டையும் கைபிடியையும் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். காற்றில் வருவதைவிட, முந்திய பயணி சிந்தியது ஒட்டியிருப்பதே கூடுதல் ஆபத்து.

பிள்ளைக்காரி அல்லாத நமக்கும் ஒன்று. பக்கத்து சீட்டில் ஒரு உம்மா "கொஞ்சம் கச்சான் தின்னாம இருங்க" என்று கேட்டால் "பெரிய எடுப்பு" என்று முகம் சுளிக்கிறோம். அவர் வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறார். பொதியைச் சுருட்டிப் பையில் வைத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

அந்த உம்மா இப்போது ரொட்டியும் முட்டைப் பொரியலும் கட்டப்போகிறாராம். மாமிதான் இன்னும், "வட்டிலப்பமும் கொஞ்சம் கொண்டு போ, மகனுக்கு விருப்பம்" என்று நிற்கிறாராம்.