உற்றவனிடம் மறைப்பது முறையா?

புதுவைக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு நம் நகரிலிருந்தும் விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுள் தீராத நோயுற்றோரும் உளர். அத்தகையோரைப் பேணும் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: "அத்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

இச்சொல் அன்பிலிருந்து பிறப்பதே. ஆயினும் நோயாளி அறியாமலா இருக்கிறார்? தாழ்ந்து ஒலிக்கும் குரல்களும், வெளியூரிலிருந்து திடீரென வந்து நிற்கும் உறவினரும் அவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகின்றனர். அவர்களுக்காக அவர் நடிக்கிறார். அவருக்காக அவர்கள் நடிக்கின்றனர். சுற்றம் சூழ இருந்தும் அவர் தனியராகிறார்.

மரணத்தை எதிர்நோக்கியோருடன் உரையாடிய மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ், 1969இல் வெளியிட்ட நூலில் மறுப்பு, சினம், பேரம், துயரம், ஏற்பு என ஐந்து மனநிலைகளைச் சுட்டினார். இவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல. காலையில் அமைதியுற்றவர் மாலையில் சினக்கக்கூடும். ஆயினும் அம்மருத்துவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அவர் நோயாளியின் அருகமர்ந்து செவிசாய்த்தார்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவனை முதலில் வைத்தார். மருத்துவனும் மருந்தும் உடனிருந்து பேணுபவனும் அவனுக்குப் பின்னரே. நாமோ முதல்வனுக்கு இறுதியாகவும் செய்தி சொல்வதில்லை.

உண்மையைக் கல்லென எறிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்டறிதல் வேண்டும். அறிய விரும்பாதாரின் விருப்பமும் மதிக்கத் தக்கதே. அதனினும் முந்தியது வலி தணித்தல். வலியால் துடிக்கும் உடலில் மனம் அமைதி கொள்ளாது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி, ஊர்த் தன்னார்வலரை நோயாளியின் இல்லத்திற்கே அனுப்பிற்று. மார்ஃபின் மருந்து பெறுவதை எளிதாக்க 2014இல் நடுவணரசு சட்டத்தைத் திருத்திற்று. வலி தணிக்க வழியுண்டு. உடன் அமர ஆள் வேண்டும்.

உண்மை அறிந்தவருக்குக் கடன் தீர்க்கவும், பிணங்கிய தம்பியை அழைத்துப் பேசவும், பேரனுடன் ஒருமுறை கடற்கரைச் சாலையில் அமர்ந்திருக்கவும் காலம் கிடைக்கும். அக்காலத்தை அவரிடமிருந்து பறிக்கும் உரிமை நமக்கில்லை.

மாணவச் செல்வங்களே! நோயுற்ற பெரியவரைக் காணச் செல்லுங்கால், "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று கூறி விரைந்து திரும்பாதீர்கள். சிறிது நேரம் அமர்ந்திருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிடில் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அதுவே போதும்.