ரதியின் பாட்டு மறையலாமா?

நியூயார்க் நகரில் சிட்டி சென்டர் என்று ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. 1994-ம் ஆண்டு அங்கே ஒரு புது வேலை தொடங்கினார்கள். ஒரு காலத்தில் மேடை ஏறிப் பிறகு மறந்து போன அமெரிக்கப் பாட்டு நாடகங்களைத் தேடி எடுத்தார்கள். சீன் ஜோடனைக்குப் பெரிய செலவு இல்லை. வாத்தியக்காரர்கள் மேடையிலேயே உட்கார்ந்தார்கள். நடிகர்கள் கையில் புத்தகத்தை வைத்துக் கொண்டே பாடினார்கள். ஒத்திகை சில நாள்தான். நாடகமே கச்சேரி ஆகிவிட்டது!

ஜனங்கள் சிரித்தார்களா? இல்லை, டிக்கெட் வாங்கினார்கள். 1996-ல் அப்படிப் பாடிய "சிகாகோ" நாடகம், அதே ஆண்டு பிராட்வேக்குப் போயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது!

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பழைய பாட்டெல்லாம் காகிதத்தில் இருந்தது. 1982-ல் நியூ ஜெர்சியில் ஒரு சினிமாக் கம்பெனியின் கிடங்கைத் திறந்தார்கள். பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் பிரதிகள்! காணாமல் போனதாக நினைத்த பாட்டுக்கள் பல அதில் இருந்தன.

பெட்டி எங்கே?

நீலகிரியிலும் ஒரு பாட்டு நாடகம் உண்டு. அதற்குப் பெட்டி கிடையாது. கிழவர்களின் நெஞ்சுதான் பெட்டி.

1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக் கொண்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று அதன் பெயர் டான்டீ.

அந்த ஜனங்களின் கூத்துதான் காமன் கூத்து. மாசி மாதம் கம்பம் நடுவார்கள். தப்பு முழங்கும். ரதியும் மதனும் ஆடி வருவார்கள். சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார், மதன் சாம்பல் ஆவான். பிறகு ரதி அழுது பாடுவாள். விடிய விடியப் பாட்டு! பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இப்படிப்பட்டவையே.

விடிய விடிய ஆட இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? வாலிபர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று 2022-ல் அரசு முடிவு செய்தது. லயன் வீடு காலியானால் பாட்டுக்காரரும் போய்விடுவார். இலங்கையில் இளைஞனாகக் கூத்து ஆடியவருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

ஆகவே நியூயார்க் வழி நமக்கும் உதவும். இரண்டு மணி நேரம். நாலு தப்பு. ரதிக்கு ஒருவர், மதனுக்கு ஒருவர். பாட்டு மறந்தால் நோட்டைப் பார்த்துப் பாடட்டும், வெட்கம் வேண்டாம்.

"கூத்தை உட்கார்ந்து பாடினால் கூத்தா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுகிற கூத்து அது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆள் உள்ள தோட்டத்தில் அப்படியே நடக்கட்டும். ஆள் இல்லாத இடத்தில் பாட்டாவது ஒலிக்கட்டுமே! சீர்காழி அருணாசலக் கவிராயர் எழுதிய ராம நாடகத்தை இன்று யார் மேடையில் நடிக்கிறார்கள்? கச்சேரியில் பாடுவதால்தானே அந்தப் பாட்டுக்கள் 200 ஆண்டு தாண்டியும் காதில் விழுகின்றன!

ஊட்டியில் கோடை விழா ஆண்டுதோறும் நடக்கிறது. மலர்க் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. அதில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். பாடும் பெரியவருக்குப் பஸ் செலவும் நல்ல சன்மானமும் தர வேண்டும், வெறும் பொன்னாடை போதாது. பாடுவதை முழுதும் பதிவு செய்து, கூடலூர், கோத்தகிரிப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அடுத்த மாசிக்குள் முதல் பதிவு முடிந்தால் நல்லது.