போலீஸுக்கு உள்ள விதி பள்ளிக்கூடத்துக்கு இல்லையா?

பினாங்கு வாழ் தமிழ்ப் பெற்றோர்களே!

2018 ஜனவரியை மறந்துவிட்டோமா? நிபோங் திபாலில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் படித்த 13 வயதுத் தமிழ் மாணவி. ஆசிரியர் ஒருவரின் கைத்தொலைபேசி காணாமல் போனது. அவள்தான் எடுத்தாள் என்று சந்தேகப்பட்டார்கள். மணிக்கணக்காக ஓர் அறையில் வைத்திருந்தார்கள் என்று குடும்பத்தார் கூறினர். ஜனவரி 24ஆம் தேதி வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். பிப்ரவரி 1ஆம் தேதி செபராங் ஜெயா மருத்துவமனையில் இறந்தாள். தான் எடுக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று கொதித்தோம். தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். 'அந்த ஆசிரியர், அந்த ஆசிரியர்' என்று ஒருவரையே பேசிப் பேசி ஓய்ந்தோம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டோம்.

இந்த நாட்டின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 87ஆம் பிரிவைப் பாருங்கள். போலீஸ் ஒரு சிறுவரைக் கைது செய்தால், உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவித்தாக வேண்டும். கைவிலங்கு வைத்திருக்கும் போலீஸுக்கே இந்தக் கட்டுப்பாடு! ஆனால் பள்ளியில் ஒரு பிள்ளை மீது திருட்டுப் பழி விழுந்தால்? யார் விசாரிப்பது, யார் உடன் இருப்பது, அப்பா அம்மாவுக்கு எப்போது போன் போடுவது? இதையெல்லாம் ஆசிரியருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 1959ஆம் ஆண்டின் பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்படி பற்றிப் பேசுகின்றன, இடைநீக்கம் பற்றிப் பேசுகின்றன. அவமானத்தில் கூனிக் குறுகி நிற்கும் பிள்ளையை எப்படிக் கையாள்வது என்பதை விதிப்புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. பயிற்சி வேண்டும்.

"பள்ளியில் கவுன்சலர் இருக்கிறாரே" என்பார்கள். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு அவர் ஒருவர் என்ன செய்வார்? உடைந்துபோன பிள்ளை கதவைத் தட்டி அவரிடம் போகாது. அதன் முகம் மாறியதை முதலில் பார்ப்பவர் வகுப்பாசிரியர். சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர் கேண்டீன் அக்கா. மணியடித்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்பதைப் பார்ப்பவர் ஜாகா. இவர்கள் அத்தனை பேருக்கும் பயிற்சி தேவை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளை, அழும்போது மலாயில் வார்த்தை தேடித் தவிக்கும். அந்த மௌனத்தைத் 'திமிர்' என்றோ 'குற்ற ஒப்புதல்' என்றோ எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

இது நம் இனத்துக்கு மட்டும் வந்த நோயல்ல. 2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இளையோரில் நான்கில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தார். எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. 2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் பள்ளிக்குள்ளேயே ஒரு மாணவி கத்திக்குத்துக்குப் பலியானாள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவைக்கூட 2023இல்தான் நீக்கினார்கள். சட்டம் திருந்திவிட்டது. பள்ளி திருந்த வேண்டாமா?

ஆசிரியர்கள் நம் எதிரிகள் அல்ல. அவர்களின் வேலைச்சுமை நமக்குத் தெரியும். முறையான பயிற்சி இருந்தால் அது அவர்களையும்தான் காப்பாற்றும்.

நாம் கேட்பது இவைதான்:

1. எந்தப் பிள்ளையையும் தனி அறையில் அடைத்து விசாரிக்கக்கூடாது. பழி விழுந்த உடனே பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும்.

2. தலைமையாசிரியர் முதல் ஜாகா வரை எல்லாருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி. ஆபத்தின் அறிகுறி என்ன, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பழக்க வேண்டும்.

3. கண்டிக்கப்பட்ட பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மறுநாளும் ஒருவர் விசாரிக்க வேண்டும்.

4. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும், நம் பிள்ளைகள் போகும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் தமிழ் பேசும் கவுன்சலர்கள் வேண்டும்.

இது சலுகை அல்ல, உரிமை!

நம் பங்கும் உண்டு. பள்ளியிலிருந்து போன் வந்ததும், என்ன ஏது என்று கேட்காமல் பெல்ட்டை எடுக்கும் அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்? முதலில் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு, ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது போங்கள். "இந்தப் பள்ளியில் யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்?" என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளை துவண்டு போயிருந்தால் காத்திருக்காதீர்கள். மனநல உதவிக்கு ஹீல் 15555, தாலியான் காசே 15999 எண்களை அழையுங்கள்.

இன்னொரு பிள்ளை கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகும்வரை நாம் காத்திருக்கப் போகிறோமா?