நெகடிவ் என்னும் அடிக்கட்டை



மைசூரில் வாழும் நம் குடும்பங்களில் இன்று ஒரு நிச்சயதார்த்தத்திற்கே ஐந்நூறு படங்கள் எடுக்கப்படுகின்றன. கைப்பேசி பழுதானால் அவை அனைத்தும் ஒரே நாளில் மறைதலும் உண்டு. நம் பாட்டனாருக்கோ ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் என்பதே கணக்கு. அவற்றுள் சில இன்றும் பரண்மேல் இருக்கின்றன.

அச்சுருளின் பெயர் 120. கோடாக் கம்பெனி அதனை 1901இல் வெளியிட்டது. ஸ்டுடியோக்காரர் கையாண்ட ஜெர்மானிய ரோலிபிளெக்ஸ் காமிராவுக்கும், பரோடாவில் தயாரான மலிவான ஆக்பா கிளிக் 3 காமிராவுக்கும் அதுவே சுருள். ஆறு சென்டிமீட்டர் சதுரமான அதன் கட்டம், 35 மில்லிமீட்டர் சுருளின் கட்டத்தைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பரப்புடையது. ஆகவே, கையகல அச்சில் புலப்படாத நுட்பமும் நெகடிவில் பதிந்திருக்கக் கூடும்.

நம் அண்டையிலுள்ள உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை உற்பத்தி செய்தது. 1990களில் நலிவுற்ற அவ்வாலை பின்னர் மூடப்பட்டுவிட்டது. எனினும் 120 சுருள் அழியவில்லை. கோடாக், இல்போர்டு முதலிய பெயர்களில் அயல்நாடுகளில் இன்றும் தயாராகிறது. விலை மிகுதியாயினும், ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுக்க விரும்புவோர் அதனை நாடுகின்றனர்.

நிற்க. நாம் எல்லோரும் அக்காமிராவுக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று நம் கருத்து. செலவின்றி எடுக்கவும், ஊரிலுள்ள உறவினருக்கு நொடியில் அனுப்பவும் டிஜிட்டல் காமிராவே ஏற்றது. நாம் வேண்டுவது, முன்னோர் விட்டுச் சென்ற நெகடிவ்களைக் குப்பையில் எறியலாகாது என்பதே. ரயில்வேயில் எழுத்துப் பணி புரியும் நமக்கு ரசீதுப் புத்தகம் பழகிய பொருள். ரசீது தொலைந்தாலும் அடிக்கட்டை இருப்பின் கணக்கு நிற்கும். சுவரில் மாட்டிய படம் ரசீது, நெகடிவே அடிக்கட்டை.

அதனைக் காப்பது எளிது. ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையிலிட்டு, ஈரமும் வெப்பமும் இல்லாத அலமாரியில் வைக்க வேண்டும். தகர டப்பாவில் இறுக மூடுதல் தகாது. வினிகரின் புளித்த நெடி வீசினால் சுருள் கெடத் தொடங்கியது என்று அறிக. அதனை மற்றவற்றிலிருந்து பிரித்து, தாமதமின்றி ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் பதிந்து வைத்தல் நலம். உறையின்மேல் படத்திலுள்ளோர் பெயரும், ஊரும், ஆண்டும் பென்சிலால் எழுதுக. பெயர் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.

இங்குப் பிறந்த நம் குழந்தைகளுள் பலர் பூர்வீக ஊரைக் கண்டதில்லை. கொள்ளுப்பாட்டியின் முகத்தையும் அறியார். அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள், பழைய வீட்டை ஒழிக்குமுன் பரணையும் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.