சுவரைக் கடந்து வரும் கதிர்கள்

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். ஒரு மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர்களை வெளிவிடும் மூலப்பொருளைச் சுற்றி 70 செ.மீ. கனத்துக்கு நீர் இருக்கிறது. நீரைக் கடந்து எத்தனை பங்கு கதிர் வெளிவரும்? தூரத்தினால் குறைவதை இப்போது ஒதுக்கிவிடுவோம்.

அடுக்குக்குறி விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அதன்படி விடை ஏறக்குறைய 148-இல் ஒரு பங்கு. நீருக்குப் பதில் 6.2 செ.மீ. கனமுள்ள ஈயத்தை வைத்தாலும் அதே விடைதான். ஆகவே இரண்டும் சமமான காப்பு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

ஆனால் உண்மை வேறு. நீருக்கு வெளியே கதிர்வீச்சின் அளவு இந்த விடையைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு இருக்கும். ஈயத்துக்கு வெளியே சுமார் இரண்டரை மடங்கு. அதாவது முன்னதில் 15-இல் ஒரு பங்கு, பின்னதில் 60-இல் ஒரு பங்கு!

விதி பொய்யா? இல்லை. எதிலும் மோதாமல் நேராக வரும் ஃபோட்டான்களை மட்டுமே அது கணக்கிடுகிறது. மெல்லிய கற்றையை வைத்துச் சோதனை செய்தால் மோதியவை விலகிப் போய்விடும்; விதி பொருந்தும். அகன்ற சுவரிலோ, ஓரிடத்தில் சிதறியவை வேறிடத்தில் வெளியே வந்து சேர்கின்றன. சிதறும் ஃபோட்டான் ஆற்றலை இழக்குமே தவிர மறைந்துவிடாது என்று 1923-இல் காம்ப்டன் காட்டினார். செங்கோணத்தில் திரும்பிய நம் ஃபோட்டானுக்கு இன்னும் 0.34 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் மிஞ்சியிருக்கும். நீரில் அது மீண்டும் மீண்டும் சிதறும். ஈயமோ, ஒளிமின் விளைவினால் அதை விரைவில் விழுங்கிவிடும். இந்தக் கூடுதல் மடங்கையே ‘பில்டப் காரணி’ என்கிறார்கள். கோல்ட்ஸ்டைன், வில்கின்ஸ் என்ற இருவர் 1954-இலேயே இதற்கு விரிவான அட்டவணைகள் தந்தனர்.

நீரும் ஈயமும் அடுத்தடுத்து இருந்தால்? அப்போது வரிசையும் முக்கியமாகிறது. மூலத்தை அடுத்து நீர், அதற்கு வெளியே ஈயம் என வைத்தால், நீரில் சிதறிய வலுவிழந்த கதிர்களை ஈயம் பிடித்துக்கொள்ளும். மொத்தக் காரணி ஈயத்தின் காரணியை ஒட்டியே இருக்கும். வரிசையை மாற்றினால், நீரில் சிதறியவற்றைத் தடுக்க வெளியே ஒன்றுமில்லை. அதே பொருள்கள், அதே கனம். ஆனால் காப்பு வேறு!

ஆகவே, அடுக்குக்குறி விதியைக் கற்பிக்கும்போதே அது எப்போது பொருந்தும் என்பதையும் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘பள்ளி மாணவர்களுக்கு இவ்வளவு எதற்கு? கணிப்பொறி பார்த்துக்கொள்ளாதா?’ என்று சிலர் கேட்கலாம். இன்று கணிப்பொறிகள் கோடிக்கணக்கான ஃபோட்டான்களின் பாதையைத் தொடர்ந்து சென்று கணக்கிடுகின்றன என்பது உண்மையே. ஆனால் சுவரின் கனத்தையும் அடுக்குகளின் வரிசையையும் அதனிடம் சொல்வது மனிதன்தான். தவறாகச் சொன்னால் தவறான விடையே வரும். உத்தேசமாகக் கணக்கிடத் தெரிந்தவரே அந்தத் தவறைக் கண்டுபிடிப்பார்.

மேலும், இந்தப் பிழை எப்போதும் ஆபத்தின் பக்கமே சாய்கிறது. பாலம் கட்டுபவர் சுமையைக் குறைத்து மதிப்பிட்டது போன்றது இது. காமாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, உடலுக்கும் உறைக்காது. சுவருக்கு அப்பால் நாள்தோறும் பணிபுரியும் ஊழியர் நம் கணக்கை நம்பியே அங்கு நிற்கிறார். எனவே ஐயம் வந்தால் பெரிய காரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் சற்றுக் கனமானால் செலவுதான் கூடும். மெலிந்துவிட்டால் அவர் உடல்நலம் கெடும்.

இனி எந்தச் சூத்திரத்தைப் படித்தாலும், ‘இது எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.