சர்க்கரை அமிலமா, காரமா? பல்லைக் கேளுங்கள்!

"ஜூஸ் ரொம்பப் புளிக்குதும்மா... இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடு!" வெயில் காலத்தில் எல்லா வீட்டிலும் கேட்கும் குரல் இது. போட்டதும் புளிப்பு அடங்கிவிடும். அப்படியென்றால் எலுமிச்சையின் அமிலத்தைச் சர்க்கரை முறித்துவிட்டதா? இல்லை. ஏமாந்தது நாக்குதான். டம்ளரில் இருந்த அமிலம் அப்படியேதான் இருக்கிறது.

அமிலம், காரம் (மிளகாய்க் காரம் அல்ல, சோப்பு, ஆப்ப சோடா வகைக் காரம்) இரண்டையும் 'பிஹெச்' என்ற அளவில் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். வெள்ளைச் சர்க்கரையைச் சுத்தமான தண்ணீரில் கரைத்தால், கிட்டத்தட்ட 7-லேயே நிற்கும். லிட்மஸ் தாளை நனைத்தாலும் நிறம் மாறாது. சர்க்கரை இரண்டு கட்சியிலும் இல்லாத ஆள்.

'சர்க்கரை அமிலம், வெல்லம் காரம். அதனால் வெல்லம் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நம் ரத்தத்தின் பிஹெச் அளவை 7.35 முதல் 7.45-க்குள் வைத்துக்கொள்ளும் வேலையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு துண்டு வெல்லத்துக்கெல்லாம் அது அசையாது.

ஆனால், வாய்க்குள் கதையே வேறு.

பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்ததும் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. பாலைத் தயிராக்குவதும் இதே அமிலம்தான். பல்லின் மேல் பிஹெச் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். சர்க்கரைக் கரைசலில் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே இந்தச் சரிவு நடப்பதையும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆவதையும் 1940-களில் அளந்து காட்டினார், அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் 'ஸ்டீபன் வளைகோடு' இதுதான்.

அதனால், எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டைத் தின்று முடித்தால் சரிவு ஒரு முறையோடு போகும். அதுவே காலையில் காபி, 11 மணிக்கு டீ, நடுவில் ஒரு சாக்லேட், 4 மணிக்கு பிஸ்கட் என்று போனால், உமிழ்நீர் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த சரிவு வந்துவிடும். கோலா பானங்களில் இரட்டை அடி. அவற்றில் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. இனிப்பு மூடி மறைப்பதால், அந்தப் புளிப்பு நமக்குத் தெரிவதில்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது குழந்தைகள்தான். சர்க்கரை போட்ட பாலை பாட்டிலில் கொடுத்து, அதை வாயில் வைத்தபடியே தூங்க வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது. மேல் வரிசை முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். பாலைச் சர்க்கரை இல்லாமல், தூங்கும் முன்பே கொடுத்துவிட்டுப் பல்லைத் துலக்கிவிடுங்கள். ராத்திரி பாட்டில் கேட்டு அழுதால், அதில் வெறும் தண்ணீர் போதும்.