கல்லு மாதிரி காற்று வேண்டாம்!

தேசிங்கு ராஜா குதிரை ஏறிப் பறந்த ஊர் செஞ்சி. 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து உயிரை விட்டவர் அவர். அந்த ஊர் பால்காரருக்கும், கடைப் பையனுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இன்று குதிரை எது? சைக்கிள்தான்!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பெருமைதான். காரும் வேனும் வருகின்றன. லாரியும் பஸ்ஸும் ஆரன் அடித்து ஒதுக்கித் தள்ள, சைக்கிள்காரர் மட்டும் தாரை விட்டு இறங்கி, சரளைக்கல்லில் குலுங்கிக்கொண்டு போகிறார். ராத்திரி வீடு திரும்பினால் இடுப்புக்குத் தைலம்!

ரோட்டைச் சரிசெய்ய வேண்டியது அரசாங்கம். அதைக் கேட்போம், விடாமல் கேட்போம். ஆனால் அதுவரை? வலியில் ஒரு பங்கைக் குறைக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. சைக்கிள் பம்பில் இருக்கிறது!

“அண்ணே, கல்லு மாதிரி அடிங்க!” சைக்கிள் கடையில் தினமும் கேட்கும் குரல் இது. இங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

மகனுக்காக வந்த டயர்

1888-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு டாக்டர் இருந்தார். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் மாட்டினார். காற்று டயர் பரவியதே குலுக்கலைக் குறைக்கத்தான். அதைக் கல்லாக்கி ஓட்டினால் டயர் எதுக்கு? கட்டை வண்டிச் சக்கரமே போதுமே!

“காத்து கம்மின்னா மிதிக்க முடியாதே?” என்பார்கள். வழுவழுப்பான ரோட்டில் அது ஓரளவு உண்மை. குண்டும் குழியுமான ரோட்டில் கதை வேறு. கல் டயர் ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. முன்னே போக வேண்டிய பலம் மேலும் கீழும் குதிப்பதில் வீணாகிறது.

எவ்வளவு அடிக்கலாம்?

பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு, 65 கிலோ ஆள் ஓட்டினால், பின்சக்கரத்துக்கு 45 பவுண்டு, முன்சக்கரத்துக்கு 35 பவுண்டு வைத்துப் பாருங்கள். எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின்னால்தான் விழுகிறது. அதனால் முன்னால் குறைவு போதும். 26 x 1.95 தடிமன் டயர் என்றால் பின்னால் 35, முன்னால் 25. கேரியரில் மூட்டை ஏற்றினால் பின்னால் கூட்டுங்கள். ஆனால் டயரில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

மீட்டர் இல்லையா? அடிஸ்கேல் போதும். ஆள் ஏறுவதற்கு முன்னும் ஏறிய பின்னும் ரிம்முக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 1½ அங்குல டயர் ஏறக்குறைய கால் அங்குலம் அமுங்கினால் சரி.

அதுக்காக ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். குழியில் விழும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரிம் கோணும். ட்யூப் நகர்ந்து வால்வு அடியில் கிழியும்.

கத்திரி வெயிலில் டயர் வெடிக்கும் என்ற பயமும் உண்டு. 30 டிகிரியில் 45 பவுண்டு அடித்த டயர், 60 டிகிரி சூடானாலும் 51-க்குத்தான் ஏறும். நல்ல டயர் அதைத் தாங்கும். வெடிப்பது பக்கவாட்டில் விரிசல் விட்ட கிழட்டு டயர். அதை மாற்றுங்கள்!

டயர் வாங்கும்போது உஷார்

ஒல்லி டயர் பார்க்க ஸ்டைல். சரளைக்கு ஆகாது. கொட்டை கொட்டையாகப் பல் வைத்த டயர் சேற்றுக்கு நல்லது; தாரில் இழுக்கும், இரையும். அகலமாக, நடுவில் வழவழப்பாக இருப்பதே இங்கே லாபம்.

“26” என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 26 x 1⅜ டயரின் உள்வட்டம் 590 மில்லிமீட்டர். 26 x 1.95 டயருக்கு 559. ஒன்று இன்னொன்றில் உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பது போல ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் மிச்சம்.

ஒரு வேண்டுகோள்

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். ஆனால் வால்டியூப் போட்ட பழைய சைக்கிள் வால்வில் அந்த ஹோஸ் பொருந்தாது. சைக்கிள்காரர் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு சின்ன அடாப்டர் வாங்கி மாட்டி வைத்தால் என்ன? சைக்கிள் கடைக்காரர்களும் மீட்டர் வைத்த கால்பம்பு ஒன்று வைக்கலாமே!

அரசு கொடுத்த இலவச சைக்கிளில் கிராமத்திலிருந்து மிதித்து வரும் பிளஸ் ஒன் பிள்ளைக்கு அது பெரிய உதவி. பெட்ரோல் வாங்க வருகிறவர் மட்டும்தான் மனுஷரா? அரை லிட்டர்கூட வாங்காத சைக்கிள்காரருக்கும் காற்று சொந்தம்தான்!